அப்பா சொல்லும் பென்ஷன் உங்களுக்கு இருக்கிறதா?

கேள்வி: சென்னையில் என்.ஐ.சி.யில் (மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம்) சயின்டிஸ்ட் ‘டி’ நிலையில் இருக்கிறேன். 9 வருட சர்வீஸ். பெங்களூரு கம்பெனி ஒன்று இரண்டு மடங்கு சம்பளம் தருகிறேன் என்கிறது. ‘பென்ஷன் வேலையை எவனாவது விடுவானா?’ என்கிறார் அப்பா. போகலாமா?

பதில்: அப்பா சொல்வது அவர் காலத்துப் பென்ஷன். நீங்கள் என்.பி.எஸ்.ஸில், அதாவது மாதாமாதம் பணம் போட்டுச் சேர்க்கும் ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர். சம்பளத்தில் உங்கள் 10 சதவீதமும் அரசு போடும் 14 சதவீதமும் உங்கள் பெயரிலுள்ள பிரான் (நிரந்தர ஓய்வூதிய எண்) கணக்கில் சேர்ந்தவை. வேலை மாறினாலும் அந்தக் கணக்கு கூடவே வரும். உறுதி ஓய்வூதியம் தரும் யு.பி.எஸ். திட்டத்துக்கு மாறியிருந்தால் மட்டும் கதை வேறு. ராஜினாமா செய்தவருக்கு அதில் உறுதி ஓய்வூதியம் கிடையாது.

கையைவிட்டுப் போவது மற்றவை. ராஜினாமா செய்தால் சர்வீஸ் முழுக்க அழியும், கிராஜுவிட்டியும் அதோடு சரி. ஈட்டிய விடுப்பில் பாதிக்குத்தான் பணம், அதுவும் 150 நாளுக்கு மேல் இல்லை. சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) அட்டையில் பெற்றோர் இருந்தால், கிளம்புமுன்பே அவர்களுக்குத் தனிக் காப்பீடு எடுங்கள். பழைய சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு 3 வருடம்வரை காத்திருக்க வைப்பார்கள். கம்பெனியின் குரூப் பாலிசி அந்த வேலை உள்ளவரைதான்.

‘லியன் (பழைய வேலைக்குத் திரும்பும் உரிமை) வைத்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம்’ என்று கேன்டீனில் சொல்வார்கள். தனியாருக்குப் போகிறவருக்கு அது இல்லை. விடுபட்ட பிறகு ராஜினாமாவை வாபஸ் வாங்கும் சலுகையும் இல்லை.

சம்பளத்தை ஒப்பிடும்போது சி.டி.சி.யை (கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) பார்க்காதீர்கள். மாதம் கைக்கு எவ்வளவு, அதில் கூடிக் குறையும் வேரியபிள் எவ்வளவு என்று கேளுங்கள். ‘டி’யில் 4 வருடம் முடித்து ‘இ’ கிடைத்தால் அடிப்படைச் சம்பளமே குறைந்தது 1,23,100 ரூபாய் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: கடைசி இரண்டு வருடத்தில் நீங்களே உட்கார்ந்து கட்டிய சிஸ்டம் எது? டெண்டர், வெண்டர் மீட்டிங், கோப்பு என்றே போயிருந்தால், 45 வயதில் உங்களைக் கூப்பிட ஆள் இருக்காது, இப்போதே கிளம்புங்கள். நீங்களே சிஸ்டம் கட்டும் வேலை இன்னும் உங்களிடம் இருந்தால் அவசரமே இல்லை, ‘இ’ வரட்டும்.

இன்னும் ஒன்று. உங்கள் மேல் புகார், விசாரணை இல்லை என்னும் விஜிலென்ஸ் கிளியரன்ஸ் வந்து, ராஜினாமாவை ஏற்ற பிறகுதான் நீங்கள் விடுபட்டதாக அர்த்தம். அந்த உத்தரவு கைக்கு வருமுன் பெங்களூருவில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அங்கே அதுவே ஒரு தொகை.