ஆர்மோனியம் இல்லாத நாளில் எந்தக் கட்டை?

கேள்வி: பெரிய வியாழன் இரவிலிருந்து பாஸ்கா திருவிழிப்பு வரை எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பதில்லை. பாடகர் குழாம் எடுக்கும் பாட்டைச் சனம் பல்லவியில் சேர்ந்து பாடி, சரணத்தில் விட்டுவிடுகிறது. எந்தக் கட்டையில் எடுப்பது?
- வாசகி, பாசையூர்

பதில்: கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளில் C-யை 1, D-யை 2 என்று B வரை 7 ஆக எண்ணும் சுருதி அளவு; பாட்டின் ஸட்ஜம் (ஸ) நிற்கும் இடமே அந்தப் பாட்டின் கட்டை. எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும் கட்டை என்று ஒன்று இல்லை. தொடங்குபவர் தன் குரலுக்கு எடுப்பதுதான் பெரும்பாலும் கோளாறு. பயின்ற பெண்குரலுக்கு 5 கட்டை இதமாக இருக்கும். சபைக்கு அது தொண்டை கிழிக்கும் வேலை.

பயிற்சி இல்லாத பெண்கள் கீழ் 6 கட்டையிலிருந்து மேல் 2 கட்டை வரை சிரமமின்றிப் பாடுவார்கள். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். முந்திய நாளே ஆர்மோனியத்தில் வைத்து, கடைசிச் சரணம் வரை பாட்டின் உச்ச சுரத்தையும் அடிச் சுரத்தையும் குறித்துவிடுங்கள். சங்கராபரண ராகப் பாட்டொன்று கீழ்ப் பஞ்சமத்துக்கும் (ப) தைவதத்துக்கும் (த) இடையில் நின்றால் 4 கட்டை சரி. தைவதம் மேல் 2 கட்டையில் விழும். மேல் ஸட்ஜம் தொட்டால் 2 கட்டைக்கு இறக்குங்கள். மேல் காந்தாரமும் (க) கீழ்ப் பஞ்சமமும் இரண்டுமே வருகிற பாட்டு எந்தக் கட்டையிலும் சபைக்கு அடங்காது. சரணத்தைக் குழாம் பாட, சனம் பல்லவிக்குச் சேரட்டும்.

கைப்பேசிச் சுருதிப்பெட்டி போதும். 440 ஹெர்ட்ஸ் இசைக்கவை (தட்டினால் ஒரே சுரம் ஒலிக்கும் உலோகக் கவை) இருந்தால் அது தருவது 6 கட்டை, அதாவது 2 கட்டையின் பஞ்சமம். அங்கிருந்து ஸட்ஜத்துக்கு இறங்கலாம். ஸ-ப-ஸ மெல்ல முனகி, பிறகு பாட்டின் முதற்சுரத்தைக் கொடுங்கள். பஞ்சமத்தில் தொடங்கும் பாட்டுக்கு அந்தச் சுரத்தை மட்டும் கொடுத்தால் சிலர் அதையே ஸட்ஜமாக எடுத்துக்கொள்வார்கள்.

இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாட்டுகள் மெதுவானவை, இறங்குமுகமானவை. அடியின் முடிவில் மூச்சுத் தளர, சுருதி சரணத்துக்குச் சரணம் கீழே போகும். இழுக்காமல் பாடுங்கள். இறங்கிய சுருதியைப் பாட்டின் நடுவில் தூக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். சிலுவைப்பாதையில் அந்தக் கவலை இல்லை: 14 தலங்களிலும் வாசிப்பு நடக்கும்போது காதோடு சுருதி கேட்டு, புதிதாக எடுக்கலாம். தெருவில் நடந்தபடி பாடுவதென்றால் அரைக்கட்டை குறையுங்கள்.

கேள்வி: மறைக்கல்விப் பிள்ளைகளுக்கும் இதே கட்டையா?
- வாசகர், குருநகர்

பதில்: சின்னப்பிள்ளைகளுக்குத் தாழ்த்தாதீர்கள். நடு 1 கட்டைக்குக் கீழே அவர்களுக்குக் குரல் எழாது; மேலே 3 கட்டை வரை மென்மையாகப் போகும். சுருதியை ஆசிரியை கொடுக்கட்டும். ஆண்குரலில் கொடுத்தால் அதே ஆழத்தைத் தேடி உறுமுவார்கள்.