முஸ்தபா பேக் சொன்னதை யார் கேட்டார்கள்?

கேள்வி: அமெரிக்க அரசுப் பணத்தில் வாஷிங்டனில் நடக்கும் ஆப்பிரிக்கப் பாதுகாப்பு ஆய்வு மையம், எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலும் செனகல் நாட்டு டக்காரிலும் வட்டார அலுவலகங்கள் திறந்ததாகப் படித்தேன். நம் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் டெல்லியில் ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கிறதே, அது வேலூரில் ஒரு கிளை திறந்தால் என்ன? பட்டாளத்துக்குப் பேர் போன வட ஆற்காட்டுக்கு அது பெருமை இல்லையா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: திறக்கலாம். ஆற்காடு சாலையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, மும்மொழியில் பலகை மாட்டி, ஆட்சியரை அழைத்து ரிப்பன் வெட்ட ஒரு நாள் போதும். மறுநாள் காலை அந்தப் படியேறப் போவது யார், ஏறிப் போய் என்ன பேசுவார்? பெருமையைப் பற்றிக் கேட்ட நீங்கள் இதைக் கேட்கவில்லை.

அந்த ஆப்பிரிக்க மையம் 1999-இல் தொடங்கியது. அடிஸ் அபாபாவில் இடம் பிடித்ததற்குக் காரணம், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம் அங்கே இருப்பதுதான். டக்கார், பிரெஞ்சு புழங்கும் மேற்கு ஆப்பிரிக்காவின் வாசல். மையத்தில் படித்துத் திரும்பிய ராணுவ அதிகாரிகளும் அரசு அதிகாரிகளும் பல நாடுகளில் பழைய மாணவர் சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தொடர்பு அறுந்துவிடக் கூடாது. மையத்தின் வெளியீடுகள் ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, போர்த்துகீசியம், அரபு மொழிகளிலும் வருகின்றன. இதில் தர்ம காரியம் எதுவும் இல்லை. அமெரிக்கா காசு செலவழிப்பது அமெரிக்காவின் நலனுக்காக. ஆனால் அடுத்தவன் மொழியில் பேசினால்தான் காரியம் ஆகும் என்கிற வியாபார புத்தியாவது அவர்களுக்கு இருக்கிறது.

நம் டெல்லி நிறுவனம் 1965 நவம்பரில், பாகிஸ்தான் போர் ஓய்ந்த கையோடு பிறந்தது. இன்று முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதற்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்த இயக்குநர் கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர், தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி. இருந்தும் என்ன, அதன் முதன்மை ஆய்விதழ் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அதே ஆங்கிலத்தைக் கட்டுக்கட்டாக இங்கே கொண்டுவந்து அடுக்குவதற்குப் பெயர் கிளை இல்லை, கிடங்கு.

இத்தனைக்கும் இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள விஷயமா இல்லை? கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்குப் போனால், எல்லையில் நின்று திரும்பியவர்களைத் திண்ணைக்குத் திண்ணை பார்க்கலாம். ராணுவப்பேட்டை என்றே அந்த ஊருக்குப் பெயர். 2022-இல் அக்னிபத் என்ற ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தது. நான்கு வருடம் வேலை, அப்புறம் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்தை நம்பிய ஊரில் பதினெட்டு வயதுப் பையனின் அப்பா அதைப் பற்றி என்ன கணக்குப் போடுகிறார்? அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து கடற்படையின் பி-8ஐ விமானங்கள் இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கக் கிளம்புகின்றன. அந்தக் கடலின் அக்கரையிலிருந்து தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் மேல்மொணவூர் முகாமில் இருக்கிறார்கள். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அவர்கள் சொல்லும் பொருள் டெல்லி அகராதியில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

கேட்காமல் இருப்பதற்கு வேலூரிலேயே பழைய பாடம் உண்டு. 1806 ஜூலை 10 புரட்சியை எல்லாரும் அறிவோம். அதற்குச் சில வாரங்கள் முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கோட்டையில் சதி நடக்கிறது என்று தன் ஆங்கிலேயத் தளபதியிடம் போய்ச் சொன்னார். தளபதி என்ன செய்தார்? விசாரித்துச் சொல்லுங்கள் என்று சுதேசி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். சதியில் கை நனைத்தவர்களே அந்த அதிகாரிகளில் இருந்தார்கள்! 'இவன் பைத்தியம்' என்று அவர்கள் சொல்ல, முஸ்தபா பேக் சிறைக்குப் போனார். நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் செத்த பிறகுதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர் ஞாபகம் வந்தது, பரிசு கொடுத்தார்கள். (கம்பெனியின் காது மந்தமாக இருந்ததில் நமக்கு வருத்தமில்லை, அது வேறு கதை.) கம்பெனிக்கு இந்த ஊரில் அலுவலகம் மட்டுமா, ஒரு கோட்டையே இருந்தது. அலுவலகம் யாரை நம்பிச் செய்தி கேட்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாவட்டத்துக்கு வரும் எந்தப் பெரிய அலுவலகமும் முதலில் தேடுவது, ஆங்கிலம் பேசி, சால்வை போட்டு வரவேற்கும் அதே பத்துப் பேரைத்தான்.

நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தக் கேள்வியை அப்படியே தமிழில் எழுதி டெல்லிக்குத் தபாலில் அனுப்புங்கள். பதில் தமிழில் வந்தால் எனக்கு ஒரு நகல் போடுங்கள். மாடிக்கு வாடகை பேசி முடிப்பது என் பொறுப்பு.