சட்ட அமைச்சகம் என்ன செய்கிறது? கேள்விகளும் என் பதில்களும்

சென்னைக் கோட்டையில், அதாவது தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலகத்தில், சட்டத்துறையில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசாங்கத்தின் சட்ட வேலை எங்கே, யார் கையில் நடக்கிறது என்று இன்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சொந்த வழக்குக்கு ஆலோசனை கேட்காதீர்கள். கோப்பைப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று பழகிவிட்டேன்.

பெரம்பூர்வாசி: ஐயா, டெல்லி சட்ட அமைச்சகத்தின் கிளைதானே நம்ம கோட்டையில் இருக்கும் சட்டத்துறை?

இல்லை. இரண்டுக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு, மேல் கீழ் உறவு கிடையாது. அது மத்திய அரசுடையது, இது மாநில அரசுடையது.

டெல்லியில் சட்டம் மற்றும் நீதி அமைச்சகத்துக்குள் மூன்று துறைகள். முதலாவது சட்ட விவகாரத் துறை. மற்ற அமைச்சகங்களுக்குச் சட்டக் கருத்துச் சொல்வது, மத்திய அரசின் வழக்குகளை நடத்த வக்கீல்களை நியமிப்பது எல்லாம் இதன் வேலை. சட்ட ஆணையமும் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் இதன் கீழேதான் வருகின்றன. இரண்டாவது சட்டமியற்றும் துறை. மசோதா, அவசரச் சட்டம் ஆகியவற்றின் வாசகத்தை எழுதுகிறவர்கள் இவர்கள். தேர்தல் சட்டங்களும் இவர்கள் பொறுப்பு. மூன்றாவது நீதித் துறை. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனக் கோப்பு இங்கேதான் நகரும். இந்த மூன்றாவது துறை 2009 இறுதி வரை உள்துறை அமைச்சகத்தில் இருந்தது. பழைய அரசாணைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கிளை என்று சொல்லத்தக்கது சென்னையில் ஒன்று உண்டு. சட்ட விவகாரத் துறைக்கு மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, சென்னை ஆகிய ஊர்களில் கிளைச் செயலகம் இருக்கிறது. நம்முடையது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை, சாஸ்திரி பவன். தென்பகுதியில் இருக்கும் மத்திய அரசு அலுவலகங்கள் சட்டக் கருத்துக் கேட்டு அங்கே கோப்பு அனுப்பும்.

மாநிலத்தில் இதே வேலைகள் வேறு மாதிரி பிரிந்து கிடக்கின்றன. மசோதா, விதிகள், சட்டக் கருத்து என்றால் சட்டத்துறை. அட்வகேட் ஜெனரல் (மாநில அரசின் தலைமை வக்கீல்), அரசு பிளீடர் நியமனம் என்றால் பொதுத் துறை. நீதிமன்றங்கள் சம்பந்தப்பட்டவை உள்துறை. ‘சட்டம்’ என்று பெயர் இருக்கிறதே என்று எல்லா மனுவையும் சட்டத்துறைக்கு அனுப்புகிறார்கள். அது மூன்று மேசை சுற்றிவிட்டு உள்துறைக்குப் போய்ச் சேரும்.

ஆவடி வாசகர்: சார், என் நிலத்துக்குப் பட்டா தர மறுக்கிறார்கள். சட்ட அமைச்சருக்கு மனு கொடுத்தால் நடவடிக்கை எடுப்பாரா?

எடுக்க மாட்டார். எடுக்கவும் முடியாது. சட்ட அமைச்சகமோ சட்டத்துறையோ அரசாங்கத்துக்கு வக்கீல், உங்களுக்கு வக்கீல் அல்ல. நீங்கள் அரசு மீது வழக்குப் போட்டால் எதிர்த் தரப்புக்குக் கருத்துச் சொல்லிக் கொடுக்கும் இடமே அதுதான்.

பட்டா வருவாய்த் துறை சமாச்சாரம். தாசில்தார் மறுத்தால் மேல்முறையீட்டுக்கு ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், இருக்கிறார். சிவில் வழக்கே போடுவதானால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி அரசுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மாநில அரசு என்றால் அரசுச் செயலருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ கொடுக்கலாம். மிக அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலும் போடலாம். மீதியை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

கேகே நகர்: பெயர் மாற்றம் அரசிதழில் வர சட்டத்துறையில் யாரைப் பார்க்க வேண்டும்?

யாரையும் வேண்டாம். அது எழுதுபொருள் அச்சுத் துறை.

இறுதியாண்டு மாணவி: ஐயா, பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்களையும் எழுதியது சட்ட அமைச்சகமா, உள்துறை அமைச்சகமா? எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி.

இரண்டு கட்சிக்கும் பாதி பாதி மதிப்பெண். என்ன சட்டம் வேண்டும் என்று முடிவெடுப்பது அந்தப் பொருளுக்குரிய அமைச்சகம். குற்றவியல் சட்டம் உள்துறை அமைச்சகத்தின் பொருள். அதனால்தான் 2023 ஆகஸ்டில் உள்துறை அமைச்சரே மசோதாக்களை அறிமுகம் செய்தார். வாசகத்தைச் சட்ட வடிவத்தில் செதுக்குவது சட்டமியற்றும் துறை. மாநிலத்திலும் அப்படியே. மதுக்கடையை மூடலாமா என்று சட்டத்துறை முடிவு செய்யாது. மூடலாம் என்று உரிய துறை முடிவு செய்தால், மூடுகிற வாசகத்தை எழுதித் தரும்.

மயிலை மாமி: ஒரு மசோதா கோட்டைக்குள்ள எப்படி உருவாகுதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன்.

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா.

உரிய துறை ‘இன்னது வேண்டும்’ என்று குறிப்பு எழுதிக் கோப்பைச் சட்டத்துறைக்கு அனுப்பும். முதலில் பார்ப்பது, இதில் மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதை. பொருள் மாநிலம் சட்டம் இயற்றும் மாநிலப் பட்டியலிலா, மத்தியும் மாநிலமும் இயற்றும் பொதுப் பட்டியலிலா? பொதுப் பட்டியல் என்றால் மத்தியச் சட்டத்தோடு மோதுகிறதா? மோதினால் அரசியல் சாசனம் 254(2)இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். இதைத் தாண்டிய பிறகுதான் வாசகம். குறுந்தலைப்பு, பொருள் வரையறை, பிரிவுகள், தண்டனை, விதிகள் செய்யும் அதிகாரம், கடைசியில் நோக்கக் காரண விளக்கவுரை. தொடக்கத்தில் ஒரு வரி இருக்கும்: ‘அரசு, அறிவிக்கை வாயிலாகக் குறிக்கும் தேதியன்று நடைமுறைக்கு வருதல் வேண்டும்.’ பேரவையில் கைதட்டி நிறைவேறிய சட்டம் அந்த அறிவிக்கை வராமல் அலமாரியில் தூங்கினால் காரணம் இந்த வரிதான். செய்தித்தாளில் சட்டம் வந்துவிட்டது என்று படித்தால் இந்த அறிவிக்கை வந்துவிட்டதா என்று பாருங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஜல்லிக்கட்டு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது. மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் இருக்கிறது. எனவே மாநிலம் தானாக அவசரச் சட்டம் போட முடியாது. 213ஆம் பிரிவின்படி ஆளுநர் கையெழுத்திடும் முன் குடியரசுத் தலைவரின் அறிவுறுத்தல் வேண்டும். வரைவு டெல்லி போனது. இப்படிப்பட்ட கோப்பை அங்கே கையில் எடுப்பது உள்துறை அமைச்சகம். அது சட்ட அமைச்சகத்தையும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தையும் கேட்டது. வழக்கமாக மாதக்கணக்கில் ஊறும் கோப்பு அந்த முறை ஓட்டமாக ஓடியது. ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 அன்று பேரவையில் மசோதா. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. கூட்டம் மெரினாவில் கூடியது சரிதான். ஆனால் மத்தியச் சட்டத்தைத் தமிழ்நாட்டளவில் திருத்தி, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு நிலைநிறுத்தினார்களே, நீதிமன்றத்தில் நின்று பேசியது அந்த வரைவு வேலை.

தாம்பரம்: சார், எங்கள் இடத்தை அரசு ரோட்டுக்கு எடுத்துவிட்டது. சட்ட அமைச்சகத்தில்…

ஆவடி வாசகருக்குச் சொன்ன பதிலின் முதல் பத்தி. அரசாங்கத்துக்கு வக்கீல், உங்களுக்கு அல்ல.

வரலாறு பிடிக்கும்: இந்தத் துறை எப்போது தொடங்கியது?

1833ஆம் ஆண்டு சாசனச் சட்டம் கவர்னர் ஜெனரல் அவையில் சட்ட உறுப்பினர் என்று ஒரு பதவியை வைத்தது. அதில் முதலில் உட்கார்ந்தவர் மெக்காலே. அவர் 1834இல் கப்பல் இறங்கியது நம்ம மதராஸில்தான். கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு அப்போது ஊட்டியில் இருந்ததால் நேராக மலை ஏறினார். சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர் அம்பேத்கர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கொளத்தூர்: அட்டர்னி ஜெனரல் சட்ட அமைச்சருக்குக் கீழே வேலை பார்ப்பவரா?

இல்லை. அரசியல் சாசனம் 76ஆம் பிரிவு, நியமிப்பவர் குடியரசுத் தலைவர். மாநில அட்வகேட் ஜெனரலுக்கு 165, நியமிப்பவர் ஆளுநர். கோப்பு துறை வழியாகப் போகும், அவ்வளவுதான்.

வழக்காடுமொழி: சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வராமல் தடுப்பது டெல்லி சட்ட அமைச்சகம்தானே? நேராகப் பதில் சொல்லுங்கள்.

நேராகவே சொல்கிறேன். 348(2)இன்படி ஆளுநர், குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு, உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் மாநில ஆட்சிமொழியை அனுமதிக்கலாம். தமிழ்நாடு பேரவை 2006இல் தீர்மானம் போட்டு அனுப்பியது. டெல்லியில் 1965ஆம் ஆண்டு அமைச்சரவை முடிவு ஒன்று இருக்கிறது: இப்படிப்பட்ட கோரிக்கைகளில் இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வுக் கூட்டம் 2012 அக்டோபரில் ஏற்கவில்லை. மறுபரிசீலனை கேட்டபோது 2016 ஜனவரியிலும் அதையே சொன்னது. கோப்பு நீதித் துறையில் இருக்கிறது. தடை உச்ச நீதிமன்றத்தின் கருத்தில் இருக்கிறது. அந்தக் கருத்தை மீற மனமில்லாதது அரசு.

பாரிமுனை வக்கீல்: தடுத்தது நல்லதுதான் ஐயா. பாதி நீதிபதிகள் வெளி மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தால்? தீர்ப்புத் தொகுப்பு எல்லாம் ஆங்கிலம். மேல்முறையீட்டுக்கு அத்தனையையும் மொழிபெயர்க்க யார் பணம் தருவது?

வழக்காடுமொழி: கட்சிக்காரர் பின்னால் நின்று தன் வழக்கில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் முழிக்கிறாரே, அதற்கு யார் விலை தருவது?

இறுதியாண்டு மாணவி: உத்தரப் பிரதேசத்தில் மட்டும் எப்படி இந்தி நடக்கிறது?

மாணவி கேட்டதுதான் கேள்வி. உயர் நீதிமன்றத்தில் இந்திக்கு அனுமதி கிடைத்த ஆண்டு ராஜஸ்தானுக்கு 1950, உத்தரப் பிரதேசத்துக்கு 1969, மத்தியப் பிரதேசத்துக்கு 1971, பீகாருக்கு 1972. இதில் மூன்று 1965 முடிவுக்குப் பிறகு கொடுக்கப்பட்டவை. எனவே ‘நடைமுறையில் முடியாது’ என்ற வாதம் எனக்கு எடுபடவில்லை. அந்த உயர் நீதிமன்றங்களுக்கும் வெளி மாநில நீதிபதிகள் மாற்றலாகிப் போகிறார்கள்.

அதே நேரம் நண்பர் வழக்காடுமொழிக்கு ஒன்று. 348(2) வாதத்துக்கும் மனுவுக்கும்தான், தீர்ப்புக்கு இல்லை. தீர்ப்பு தமிழில் வர 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் சட்டத்தின் 7ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அங்கேயும் ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே வர வேண்டும். மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். டெல்லிக்கு மறுபடி எழுதினால் இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாரிமுனை வக்கீல்: கீழமை நீதிமன்றத்தில் தமிழுக்குச் சட்டமே இருக்கிறது. அங்கேயே தீர்ப்பைத் தமிழில் எழுதாதவர்கள் எத்தனை பேர்? முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

இது சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை உயர் நீதிமன்றத்துக்கு எதிரான வாதமாக்காதீர்கள்.

வழக்காடுமொழி: அப்படியானால் நீங்கள் எங்கள் பக்கம்தானே?

கோப்பின் பக்கம். வேறு யாராவது வேறு கேள்வி கேளுங்கள், இதிலேயே இரவாகிவிடும்.

பி.எல். முடித்தவன்: ஐயா, சட்டத்துறையில் வேலைக்கு எப்படிச் சேருவது?

கோட்டைக்கு என்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 அறிவிப்பைப் பாருங்கள் தம்பி, சட்டத்துறை உதவிப் பிரிவு அலுவலர் பணி அதில் வரும். சட்டப் பட்டம் கேட்பார்கள். டெல்லிக்கு என்றால் இந்தியச் சட்டப் பணி, 1957 முதல் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. விளம்பரம் கொடுக்கும், பட்டம் மட்டும் போதாது, அனுபவமும் வேண்டும். அது வரை ஏதாவது ஒரு நல்ல சீனியரிடம் சேர்ந்து பதில் மனு எழுதப் பழகுங்கள். வரைவு எழுதும் கை அங்கேதான் திருந்தும்.

அண்ணா நகர்: நோட்டரியில் மத்திய நோட்டரி, மாநில நோட்டரி என்ன வித்தியாசம்?

1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டம். மத்திய அரசும் நியமிக்கலாம், மாநில அரசும் நியமிக்கலாம். மாநிலம் நியமித்தவரின் எல்லை மாநிலத்துக்குள். இரண்டு பேருமே வீட்டு விற்பனையைப் பதிவு செய்ய முடியாது. நோட்டரி முத்திரையை நம்பி மனை வாங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. பத்திரப் பதிவு சார்பதிவாளர் அலுவலகத்தில்தான்.

எண்ணூர் சகோதரி: சார், சட்ட அமைச்சகத்தில் இலவசமாக வக்கீல் தருவார்களாமே? கணவர் மேல் ஜீவனாம்ச வழக்கு போட வேண்டும். வருமானம் இல்லை.

அம்மா, சொந்த வழக்கு வேண்டாம் என்றேன், ஆனால் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அமைச்சகம் தராது. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தருகிறது. 12ஆம் பிரிவின்படி பெண் என்பதே போதும், வருமானச் சான்று கூட வேண்டியதில்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது உங்கள் பகுதி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். திருமணப் பதிவுச் சான்றோ அழைப்பிதழோ, ஆதார், குழந்தைகள் இருந்தால் பிறப்புச் சான்று, இவற்றின் நகலை எடுத்துப் போங்கள். வாசலில் ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

ஆவடி வாசகர்: சார், 80 பிரிவு நோட்டீஸை சட்ட அமைச்சருக்கே நகல் அனுப்பலாமா?

அனுப்பலாம். தபால் செலவு உங்களுடையது.