சாமியார் வந்தால் அப்பா பயந்துவிடுவாரா?

வாசகர் கேள்வி:

ஃபாதர், என் அப்பாவுக்கு வயது 78. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் சொல்லவில்லை, ‘நெஞ்சில் சளி கட்டியிருக்கு’ என்று சமாளித்துக்கொண்டிருக்கிறோம். பங்குச் சாமியாரை அழைத்து அவஸ்தை (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) பூசச் சொல்லலாம் என்றேன். ‘சாமியாரைப் பார்த்ததும் நாள் குறிச்சாச்சுன்னு நினைச்சிருவாரு, கடைசி நேரத்துல பாத்துக்கலாம்’ என்கிறார் அண்ணன். அப்பா பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவ அறிக்கை) செய்து இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். எங்கள் ஆச்சி இறந்தபோது, கோயில் வரி பாக்கியைக் கட்டினால்தான் அடக்கப் பூசை என்று அப்போது பங்கில் சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கிக் கட்டினார். அதிலிருந்து கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வருவார். மாதா கெபி (குகை போன்ற சிற்றாலயம்) பக்கம் வெளியிலேயே நின்றுவிட்டுப் போய்விடுவார், நன்மை (பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம்) வாங்குவதில்லை. அப்படிப்பட்டவருக்குப் பூசுவார்களா? இன்னொன்று, மதினி இந்து. அப்பாவை முழுக்கப் பார்த்துக்கொள்வது அவங்கதான். பூசும்போது வெளியே நிற்க வேண்டுமா?

– திருநெல்வேலி மாவட்ட வாசகி

பதில்:

அன்புச் சகோதரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூப்பிடுங்கள். இந்த வாரமே கூப்பிடுங்கள். அப்பா எழுந்து உட்கார்ந்து, ரெண்டு வார்த்தை பேசி, ஒரு வாய் காப்பி குடிக்கிற நிலையில் இருக்கும்போதே சாமியார் அவரைப் பார்த்துவிட வேண்டும்.

அண்ணன் சொல்லும் அந்த ‘கடைசி நேரம்’ எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். பெரும்பாலும் ஐ.சி.யு. வாசலில் செக்யூரிட்டி நிறுத்துவார். கவுன் மாட்டி, முகக்கவசம் போட்டு உள்ளே போனால் ஐந்து நிமிஷம் தருவார்கள். வாயில் குழாய், அது நகராமல் இருக்கக் கன்னத்தில் பிளாஸ்திரி, இரண்டு கையிலும் ஊசி. நெற்றியில் மட்டும் எண்ணெய் பூசிவிட்டு, காதருகில் குனிந்து ‘சர்வேசுரா சுவாமி’ என்று, பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாப மந்திரத்தை நாமே தொடங்கிச் சொல்ல வேண்டும். கேட்கிறதா இல்லையா, தெரியாது. அந்த ஒரு பூசுதல் செல்லும். திருச்சபைச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அவர் பேச முடியாது, பாவசங்கீர்த்தனம் இல்லை. விழுங்க முடியாது, நன்மையும் இல்லை. திருச்சபையின் புனிதச் சடங்குகளான அருளடையாளங்களில் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்க வேண்டிய மனிதருக்கு ஒன்றைத்தான் கொடுத்துவிட்டு வெளியே வருவோம். இருபது வருஷமாக மனதில் ஒன்றை அடக்கி வைத்திருப்பவருக்கு இது போதுமா?

அண்ணனைக் கோபிக்காதீர்கள். அந்தப் பயம் அவர் கண்டுபிடித்ததல்ல, வழிவழியாக வந்தது. யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், உங்களில் யாராவது நோயுற்றால் திருச்சபையின் மூப்பர்களை வரவழையுங்கள், அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசிச் செபிப்பார்கள் என்றுதான் எழுதினார். சாகக் கிடப்பவர் என்று அவர் சொல்லவில்லை. 416இல் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் இத்தாலியின் குபியோ நகர ஆயருக்கு எழுதிய மடலில், ஆயர் மந்திரித்த எண்ணெயை விசுவாசிகளும் தங்கள் தேவைக்குப் பயன்படுத்தலாம் என்றே இருக்கிறது. பிறகுதான் காரியம் மாறியது. மேலைத் திருச்சபையில் பாவப் பரிகாரங்கள் கடுமையாக இருந்த காலத்தில், ஒப்புரவை, அதாவது பாவசங்கீர்த்தனத்தை, சாகும்வரை தள்ளிப்போடும் வழக்கம் வந்தது. பூசுதலும் அதனோடு ஒட்டிக்கொண்டு மரணப் படுக்கைக்குப் போய்விட்டது. பூசியபின் பிழைத்துக்கொண்டவர் செருப்புப் போடக்கூடாது, இறைச்சி தின்னக்கூடாது, மனைவியோடு வாழக்கூடாது என்றெல்லாம்கூட மத்தியகால ஐரோப்பாவில் ஜனங்கள் நம்பினார்கள். இங்கிலாந்தில் ஆயர் மன்றங்களே அதைக் கண்டித்து விதி எழுத வேண்டியிருந்தது. அப்படியிருந்தால் யார்தான் முன்கூட்டியே கூப்பிடுவார்கள்?

நம் ஊருக்கு மிஷனரிமார் வழியாக வந்தது இந்த மரணப் படுக்கை வழக்கம்தான். அதனால் நம் தாத்தா பாட்டிகளுக்குச் சாமியார் வாசலேறுவதும் கோயிலில் துக்கமணி அடிப்பதும் அடுத்தடுத்து நடக்கிற காரியங்கள். 1963இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் திருத்தியது: சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டுமானது அல்ல, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே அதற்கு உரிய காலம் வந்துவிட்டது என்றது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே புதிதாக ஒழுங்கு செய்தார். நெற்றியிலும் கைகளிலும் பூசும்போது நாங்கள் சொல்லும் மன்றாட்டில் சாவு என்ற சொல்லே கிடையாது. தூய ஆவியின் அருளால் ஆண்டவர் துணை செய்து, பாவத்திலிருந்து விடுவித்து, எழுப்பிவிட வேண்டும் என்றுதான் கேட்கிறோம். இதெல்லாம் நடந்து அரை நூற்றாண்டு ஓடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. 2014இல் திருத்தந்தை பிரான்சிஸே தமது புதன்கிழமை உரையில், குருவானவருக்குப் பின்னாலேயே சவப்பெட்டிக்காரர் வருவார் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள், அது உண்மையல்ல என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆக, அண்ணனுக்கு ரோமாபுரி வரை கூட்டாளிகள் உண்டு.

பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள், நோயாளிகள் தினம். அன்று பல பங்குகளில் பூசையின்போதே வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வரிசையாகப் பூசுகிறார்கள். முட்டிவலியைத் திட்டிக்கொண்டே ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். அண்ணனை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இப்போது அப்பாவிடம் மறைப்பது. இது உங்கள் குடும்பத்துக் காரியம், டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். உங்கள் அப்பா காலமெல்லாம் போர்டைப் பார்த்து பஸ் ஏற்றியவர். ஸ்கேன் எடுத்த ஆஸ்பத்திரி வாசலில் என்ன போர்டு மாட்டியிருந்தது என்று அவர் படிக்காமலா இருந்திருப்பார்? என் அனுபவத்தில், தெரியாது என்று வீட்டார் நினைக்கும் நோயாளிகளில் பலருக்குத் தெரிந்தேயிருக்கிறது. பிள்ளைகள் மனசு கஷ்டப்படும் என்று அவர்களும் ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் நடிப்பு. அதில் அவருக்குத்தான் தனிமை அதிகம்.

சரி, எப்படி அழைப்பது? பங்குத்தந்தையிடம் நீங்களே நேரில் போய், அப்பாவின் உடல்நிலை, வீட்டார் அவரிடம் சொல்லியிருப்பது, ஆச்சி அடக்கத்தில் நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். முதல் தடவை எண்ணெய்ச் சிமிழ் இல்லாமல் வரச் சொல்லுங்கள். சும்மா வரட்டும். காப்பி குடிக்கட்டும். எந்த ரூட்டில் அதிக வருஷம் ஓடினீங்க, எந்த டிரைவரோடு ஒத்துப்போகும் என்று கேட்கட்டும். அடுத்த தடவை வரும்போது அப்பாவுக்கு அவர் அந்நியர் இல்லை, பயமும் பாதி போயிருக்கும். பூசட்டுமா என்று அப்பாவிடமே கேட்பார். பெரும்பாலும் ‘சரி சாமி’ என்பார்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது, இன்னொரு நாள் வரலாம்.

அந்த வரி விஷயத்துக்கு வருகிறேன். கோயிலுக்குச் செலவு இருக்கிறது. கரண்ட் பில், உபதேசியார் சம்பளம், கோயில் பிள்ளை சம்பளம் எல்லாம் ஜனங்கள் கொடுத்தால்தான் நடக்கும். வரி வாங்குவது தப்பில்லை. ஆனால் பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நிற்பவனிடம் பாக்கி நோட்டைக் காட்டுவது வேறு. ஏழைகள் தங்கள் வறுமையினால் அருளடையாளங்களின் உதவியை இழந்துவிடாதபடி எப்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 848ஆம் விதியில் குருக்களுக்குச் சொல்கிறது. அடக்கச் சடங்கிலும் அதே ஒழுங்குதான். உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். அதை அநியாயம் என்று ஒரு சாமியார் வாயால் அவர் இதுவரை கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இப்போதைய பங்குத்தந்தைக்கு அதில் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். ஆனாலும் பங்கின் சார்பில் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பார். ஒரு வார்த்தை போதும்.

பூசுவார்களா என்கிறீர்கள். பூசாமல் என்ன? கோபித்துக்கொண்டு வெளியே நின்றவர் கோயிலை விட்டுப் போனவரில்லை. வருஷத்துக்கு இரண்டு நாள் வெயிலில் வந்து கெபி பக்கம் நின்றிருக்கிறாரே, அது என்ன? வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைத்திருப்பவருக்குப் பூசக் கூடாது என்று சட்டம் சொல்வது உங்கள் அப்பாவைப் போன்றவர்களை அல்ல. இருபது வருஷக் கணக்கைப் பேரேடு மாதிரி ஒப்பிக்க வேண்டுமோ என்று அவர் தயங்கினால், நினைவில் இருப்பதைச் சொன்னால் போதும் என்று சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் அதையும் சுருக்கமாகச் சொல்லலாம். மந்திரம் மறந்திருந்தால் சாமியார் எடுத்துக்கொடுப்பார். மறந்திருக்காது என்றே நினைக்கிறேன். பேரப்பிள்ளை பெயர் மறந்துபோன கிழவர்கள் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்று பழைய மந்திரத்தைத் தங்கு தடையில்லாமல் முடிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

வீட்டில் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல், மேலே வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசுவின் உருவம்), ஒரு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர், விரல் துடைக்கக் கொஞ்சம் பஞ்சு. ஆக்சிஜன் வைத்திருந்தால் மெழுகுவர்த்தி கண்டிப்பாக வேண்டாம். அப்பா பாவசங்கீர்த்தனம் செய்யும்போது எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். ‘காது கேக்காது ஃபாதர், நான் பக்கத்துல நின்னு சொல்றேன்’ என்று யாராவது கிளம்புவார்கள். வேண்டாம், சத்தமாகப் பேசுவது சாமியாரின் பாடு. பிறகு எல்லோரும் உள்ளே வந்து சேர்ந்து செபியுங்கள். துபாயில் இருக்கும் தம்பிக்கு வீடியோ கால் போட்டு போனை நோயாளியின் மூக்கருகில் நீட்டுகிற வழக்கம் இப்போது எங்கும் வந்துவிட்டது. தயவுசெய்து ஒரு பத்து நிமிஷம் அதை நிறுத்தி வையுங்கள்.

நன்மை கொடுப்பதற்கு ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கும், அவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் கட்டாயமில்லை. கஞ்சி குடித்திருந்தாலும் வாங்கலாம். விழுங்கச் சிரமமென்றால் சிறு துணுக்குப் போதும், பின்னாலேயே ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுங்கள். அதற்கப்புறம் மாதத்தின் முதல் வெள்ளிதோறும் கொண்டுவரச் சொல்லி வையுங்கள். ‘கடைசி’ என்று ஒன்று உண்டென்றால் அது இந்த நன்மைதான், எண்ணெய் இல்லை. சாகிறவர்களுக்கு இந்த வழியுணவை மறுக்கக் கூடாது என்று 325இல் நிசேயா பொதுச்சங்கமே விதித்தது. தூரப் பயணம் கிளம்புகிறவருக்கு வீட்டில் கட்டுச்சோறு கட்டிக்கொடுப்பதுபோல. பூசுதலை ஒரே நோயில்கூட, நிலைமை மோசமானால் மறுபடியும் பெறலாம்; இப்போது பூசிவிட்டால் பிறகு கிடைக்காதோ என்ற கவலை வேண்டாம்.

குணமாகுமா என்று கேட்பீர்கள். சில சமயம் உடம்பு தேறியிருக்கிறது. பல சமயம் இல்லை. மனசு தேறுவதை அடிக்கடி பார்க்கிறோம். மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். வலி அதிகமாகி டாக்டர் மார்ஃபின் எழுதிக்கொடுத்தால், வேதனையை ஒப்புக்கொடுப்பதுதான் புண்ணியம் என்று யாராவது பக்தியோடு தடுக்க வருவார்கள், கேட்காதீர்கள். வலியைத் தணிக்க மருந்து எடுப்பது முறையானதே என்று திருத்தந்தை 12ஆம் பயஸ் 1957இலேயே சொல்லிவிட்டார்.

கடைசியாக உங்கள் மதினி. அவர் எதற்கு வெளியே நிற்க வேண்டும்? மாமனாருக்கு முதுகு துடைத்து, சளிக் கிண்ணம் கழுவி, ராத்திரி விழித்திருப்பவர் அவர். கட்டிலின் தலைமாட்டில் நிற்கட்டும். நன்மையும் பூசுதலும் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு உரியவை, அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆசீர் அப்படியல்ல, யாருக்கும் கொடுக்கலாம். எல்லாம் முடிந்ததும் அவர் தலையிலும் கை வைத்து ஆசீர் கொடுக்கும்படி சாமியாரிடம் கேளுங்கள். அதற்காக அவர் பொட்டை எடுக்க வேண்டியதில்லை, முக்காடு போட வேண்டியதில்லை. சாமியாருக்குக் காப்பி போடுவதற்கு மட்டும் அன்றைக்கு வேறு யாராவது அடுப்படிக்குப் போங்கள்.