கேள்வி பதில்: வேர்ட்பிரஸ் உள்பக்கம் கடைக்காரருக்குப் புரியும்படி

பத்தமடை: அண்ணாச்சி, இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு பாய்க் கடைக்குத் தளம் செய்து கொடுத்தேன். படம் ஏற்றி விலை மாற்றினால் போதும், அவ்வளவுதான் முதலாளிக்கு வேலை. ஆனால் இடப்பக்கப் பட்டியலைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுகிறார். எதையெல்லாம் மறைக்கலாம்?

மறைப்பது அப்புறம் தம்பி. எந்தக் கணக்கில் உள்ளே வருகிறார்? எல்லா உரிமையும் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காகத்தான் இருக்கும். வேர்ட்பிரஸில் எடிட்டர், ஆத்தர், கான்ட்ரிபியூட்டர், சப்ஸ்கிரைபர் என்று இன்னும் நான்கு பொறுப்புகள் கூடவே வருகின்றன. எடிட்டர் ஆக்கினாலே பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்), அப்பியரன்ஸ் (தோற்றம்), செட்டிங்ஸ் எல்லாம் அவர் கண்ணில் படாது. வூகாமர்ஸ் என்ற விற்பனைப் பிளகின் போட்டிருந்தால் ஷாப் மேனேஜர் என்றே ஒரு பொறுப்பு உண்டு.

பாதி வேலை இது. மீதிப் பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். போஸ்ட், பேஜ் என்றால் பாய்க்காரருக்கு என்ன தெரியும்? 'பாய்கள்' என்று தனியாக ஒரு கஸ்டம் போஸ்ட் டைப், அதாவது நீங்களே வகுக்கும் பதிவு வகை, பதிவு செய்யுங்கள். பட்டனில் 'புதிய பாய் சேர்' என்று இருக்கட்டும். உள்ளே பெயர், நீளம், அகலம், விலை, படம் என்று நிரப்ப ஐந்தே கட்டங்கள் போதும். எழுத்தளவு, நிறம், இடைவெளி எதையும் அவரிடம் விடாதீர்கள், அதைத் தளத்தின் தோற்றத்தை வகுக்கும் தீம் பார்த்துக்கொள்ளும். ரசீதுப் புத்தகம் எழுதத் தெரிந்தவர் இதையும் நிரப்பிவிடுவார்.

வள்ளியூர்: உள்ளே நுழைந்ததும் வரும் டாஷ்போர்டில் தேவையில்லாத பெட்டிகளை எடுக்க பிளகின் வேண்டுமா?

வேண்டாம். மேலே வலது மூலையில் ஸ்கிரீன் ஆப்ஷன்ஸைத் திறந்து டிக்கை எடுங்கள். அது கணக்குக்குக் கணக்கு தனி, அதனால் அவருடைய கணக்கில் நுழைந்து செய்யுங்கள்.

மேலப்பாளையம்: ரிமூவ் மெனு பேஜ் என்ற நிரல் வரியைப் போட்டு மெனுக்களை மறைத்துவிட்டேன். பாதுகாப்பு ஆயிற்றா?

ஆகவில்லை. அந்தக் கணக்குக்கு உரிமை இருக்கிறவரை, முகவரியை நேரே தட்டினால் பக்கம் திறக்கும். மெனுவை மறைப்பது பூட்டு ஆகாது, பொறுப்பைக் குறைப்பதுதான் பூட்டு.

டவுன், கடை உரிமையாளர்: அண்ணாச்சி, காசு கொடுத்துக் கட்டியது நான். எனக்கே எடிட்டரா? முன்பு கட்டிக் கொடுத்தவர் இப்படித்தான் பாதியை மறைத்து வைத்தார். பிறகு போனையே எடுக்கவில்லை. கடவுச்சொல்லும் அவரோடு போயிற்று.

உங்கள் கோபம் நியாயம் அண்ணாச்சி. எளிமையாக்குகிறேன் என்று சொல்லி உரிமையாளரை வெளியே நிறுத்துவது தவறு. உங்களுக்கு இரண்டு கணக்கு வேண்டும். தினசரி வேலைக்கு எடிட்டர். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வேறு மின்னஞ்சலில், கடவுச்சொல்லை எழுதி பீரோவில் வையுங்கள். ஒரே மின்னஞ்சலில் இரண்டு கணக்கு எடுக்காது. டொமைனும் (தளத்தின் பெயர்) ஹோஸ்டிங்கும் (தளம் இருக்கும் சர்வர் இடம்) உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஹோஸ்டிங் கையில் இருந்தால், அட்மின் கடவுச்சொல் தொலைந்தாலும் டேட்டாபேஸ் வழியாக மாற்றிவிடலாம்.

பாளையங்கோட்டை: முதலாளி கையில் அட்மின் இருந்தால் ஏதாவது பிளகினை அழித்துவிட்டு ராத்திரி என்னைத்தானே கூப்பிடுவார்?

கூப்பிடட்டும். பேக்கப் எடுத்து வைப்பதும், திருப்பிப் போடக் கூலி எவ்வளவு என்று முன்னாலேயே பேசிவைப்பதும் உங்கள் வேலை. தளத்தின் அமைப்புகள் இருக்கும் கன்ஃபிக் கோப்பில் 'டிஸ்அலவ் ஃபைல் எடிட்' வரியைச் சேர்த்தால், உள்பக்கத்திலிருந்தே நிரல் வரிகளைத் திருத்தும் இடமாவது மூடிவிடும். சாவியை நீங்களே வைத்துக்கொள்வதற்கு இது காரணம் ஆகாது தம்பி.

பாளையங்கோட்டை: பணம் பாக்கி வைத்திருந்தால்?

பாக்கியை வாங்கிவிட்டுத் தளத்தைத் திறந்துவிடுங்கள். திறந்தபிறகு சாவி அவருடையது.

டவுன்: இதைத்தான் அண்ணாச்சி நானும் கேட்டேன்.

கல்லிடைக்குறிச்சி: மெனுவை மறைக்க நல்ல பிளகின் எது?

அட்மின் மெனு எடிட்டர் இருக்கிறது. ஆனால் முதலில் பொறுப்பைக் குறையுங்கள், மேலப்பாளையத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சேரன்மகாதேவி: எல்லா மெனுவையும் மறைக்க ஒரு வழி சொல்லுங்கள்.

மேலே பாருங்கள். மூன்றாவது முறை சொல்கிறேன், மறைப்பது பூட்டு ஆகாது.

அம்பாசமுத்திரம்: அம்மாவுக்கு மட்டும் உள்பக்கம் தமிழில் வருமா?

வரும். 2016-ல் வந்த 4.7 பதிப்பிலிருந்தே ஒவ்வொரு கணக்கின் புரொஃபைலிலும் மொழியைத் தனியாக வைக்கலாம். சில பிளகின்கள் மட்டும் ஆங்கிலத்திலேயே நிற்கும்.

தென்காசி, ஆசிரியை: பள்ளித் தளத்தின் முகப்பை யாராவது திருத்தும்போது வடிவமே குலைந்துவிடுகிறது.

பக்கத்தில் வரும் ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக். அந்தப் பிளாக்கின் மூன்று புள்ளி மெனுவில் லாக் இருக்கிறது அக்கா, 2022-ல் வந்த 6.0 பதிப்பிலிருந்து. தவறிக் கை பட்டு நகர்வதையும் அழிவதையும் அது தடுக்கும். வேண்டுமென்றே திறப்பவரைத் தடுக்காது. குலைந்துபோனால் ரிவிஷன்ஸில் பழைய நிலை இருக்கும், மீட்டுக்கொள்ளலாம். அறிவிப்பு மட்டும் போடுகிற ஆசிரியர்களுக்கு ஆத்தர் கணக்கே போதும். பேஜ் பக்கமே அவர்களால் போக முடியாது, முகப்பும் தப்பிக்கும்.

நாங்குநேரி: அப்டேட் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. மறைத்துவிடலாமா?

எடிட்டர் கண்ணுக்கு மறையுங்கள். அட்மின் கணக்கில் மறைக்கவே கூடாது, அதைப் பார்த்து அப்டேட் செய்ய ஓர் ஆள் இருக்கவேண்டும்.

ராதாபுரம்: இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபையில் இதேபோல் செய்ய முடியுமா?

அது என் துறை இல்லை தம்பி. அதில் வேலை செய்கிறவரைக் கேளுங்கள்.