ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்ததா?

வணக்கமுங்க. எங்களுக்குக் கோபி பக்கம். 2019 மாரியாத்தா நோம்பியில் கம்பம் ஆடும்போது தள்ளுமுள்ளு ஆகி, எங்கக்கா பையன் மேல் ஐ.பி.சி. 294(பி) (பொது இடத்தில் கெட்ட வார்த்தை), 323 (அடித்துக் காயப்படுத்தியது) கேஸ். அப்போ அவன் காலேஜ் முதல் வருசம். ஃபைன் கட்டி முடிச்சாச்சு. இப்போ கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று, பேக்ரவுண்ட் செக்கில் கேஸ் வந்ததென்று ஆஃபரை நிறுத்தி வைத்திருக்கிறது. ஃபாரத்தில் 'தண்டனை இல்லை' என்று டிக் அடித்திருந்தான். ஃபைன்தானுங்களே, ஜெயிலுக்கா போனான்?

— வாசகர், கோபி

வணக்கம். ஃபைனும் தண்டனைதாங்க. மாஜிஸ்ட்ரேட் கேட்டதற்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டியிருந்தால், தீர்ப்பில் 'குற்றவாளி' என்றுதான் இருக்கும். வாய்தாவுக்கு நடந்து சலித்தவர்கள் செய்கிற வேலை இது. 323-ஐ அடிபட்டவரோடு ராஜியாகி முடித்தால் விடுதலைக்குச் சமம். 294(பி) ராஜியாக முடியாத பிரிவு; அதை ரத்து செய்ய மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து ஃபைன் கட்டிவிடுகிறார்கள்.

முதல் வேலை, கேஸ் நடந்த கோர்ட்டில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்குவது. கேஸ் நம்பர் தெரியாவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு கொடுத்துத் தேடலாம். பேக்ரவுண்ட் செக் செய்த ஏஜென்சி சொல்வது இந்தக் கேஸைத்தானா என்றும் கேளுங்கள். பேரை வைத்துத் தேடினால், நம்ம பக்கம் எத்தனை செந்தில்குமார்கள்! தகப்பன் பேர், விலாசம் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்து பிறந்த தேதி. முதல் வருசம் என்கிறீர்கள். சம்பவத்தன்று 18 முடியவில்லை என்றால் கதையே வேறு. சிறார் நீதிச் சட்டம் (2015) 9-வது பிரிவுப்படி, கேஸ் முடிந்த பிறகும் வயதைச் சொல்லி அந்தக் கோர்ட்டிலேயே மனு போடலாம். 24-வது பிரிவுப்படி அந்தத் தண்டனையால் எந்தத் தகுதியிழப்பும் வராது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போதும்.

18 தாண்டியிருந்தால், ஹெச்.ஆருக்கு இன்றைக்கே திருத்தக் கடிதம் கொடுக்கட்டும். 'சின்னத் தகராறு' என்று பூசி மெழுக வேண்டாம். குற்ற எண், பிரிவு, தேதி, ஃபைன் தொகை நான்கும் எழுதி, நகலை இணைத்து, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதையும் சொல்லட்டும். அவ்தார் சிங் வழக்கில் (2016) சுப்ரீம் கோர்ட், அற்பமான குற்றத்தை மறைத்திருந்தால் வேலை கொடுப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. 'கொடுத்தே ஆகவேண்டும்' என்று சொல்லவில்லை. அதுவும் அரசு வேலை வழக்கு. தனியார் கம்பெனியை அதைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது.

போலீஸ் வேலைக்கும் எழுதுகிற எண்ணம் இருந்தால் இப்போதே வக்கீலைப் பாருங்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர்களையே அங்கே கேஸில் சம்பந்தப்பட்டவர்களாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.