1,350 கிராம் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: என் மனைவிக்கு 31 வாரத்திலேயே ரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் சிசேரியன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். எடை 1,350 கிராம். இன்று ஐந்தாம் நாள். குழந்தை என்ஐசியூவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறது. மூச்சுக்கு உதவியாக மூக்கில் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவி போட்டிருக்கிறார்கள், வாய்க்குழாய் வழியாகப் பால் போகிறது. காஃபின் என்று ஒரு மருந்தும் கொடுக்கிறார்கள். எடை 1,260க்கு இறங்கிவிட்டது. இந்த நிலையில் டாக்டர், "நாளையிலிருந்து அம்மா வந்து குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொள்ளட்டும்" என்கிறார். என் அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. பச்சை உடம்புக்காரி எப்படி மணிக்கணக்கில் உட்காருவாள், கண்ணாடிப் பெட்டியை விட்டு எடுத்தால் கிருமி தொற்றாதா என்கிறார். எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று உறவினர் ஒருவர் வேறு சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு தந்தை, தென்காசி மாவட்டம்

பதில்: தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். நாளை வரை காத்திருக்கவும் வேண்டாம். டாக்டர் சரி என்றால் இன்றைக்கே தொடங்குங்கள்.

அந்த உறவினர் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் தங்காது என்ற பேச்சில் உண்மை இல்லை. கருப்பையில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம்தான். 31 வாரத்தில் பிறந்த குழந்தை 28 வாரத்தில் பிறந்ததைவிட எல்லா விதத்திலும் தெம்பானது. நல்ல பராமரிப்பு கிடைத்தால் இந்த வயதுக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள். உங்கள் மனைவியின் காதில் அந்தப் பேச்சு மறுபடி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

இனி உங்கள் அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். நாங்கள் மருத்துவர்களே பல வருடம் அப்படித்தான் நினைத்தோம். நான் இந்தத் துறைக்கு வந்த காலத்தில் அம்மாக்களைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் எட்டிப்பார்க்க விட்டவன். வெளியாள் உள்ளே வந்தால் கிருமியும் கூடவே வரும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அம்மாவை வெளியாள் கணக்கில் சேர்த்தது தப்பு என்று இன்று தெரிகிறது. அந்தத் தாய்மார்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

குழந்தையை நெஞ்சில் போட்டுப் பராமரிக்கும் இந்த வழக்கம் தொடங்கியது கொலம்பியாவில். 1970களின் கடைசியில் போகோட்டா நகரத்து அரசு மகப்பேறு மருத்துவமனையில் இன்குபேட்டர், அதாவது அந்தக் கண்ணாடிப் பெட்டி, போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்தார்கள், தொற்று பரவியது. அங்கிருந்த எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் 1978இல், குறைமாதக் குழந்தைகளை அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக் கட்டிவிடச் சொன்னார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்திருப்பது போல இருந்ததால் கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது. வசதி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் இதைப் பார்த்தார்கள். குழந்தை சிபாப்பிலிருந்து இறங்கி, டிரிப் எல்லாம் எடுத்து, உடல்நிலை சீரான பிறகுதான் அம்மாவிடம் கொடுப்பது வழக்கம்.

அந்தக் காத்திருப்பு தேவையா என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள். நம் நாட்டில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த 3,211 குழந்தைகள். உங்கள் மகளின் எடைப் பிரிவு இதேதான். பாதிப் பேருக்கு, பிறந்தவுடனேயே அம்மாவின் நெஞ்சு. அம்மாவின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவந்து, சிபாப்பும் டிரிப்பும் அங்கேயே ஓட, ஒரு நாளில் ஏறக்குறைய 17 மணி நேரம் குழந்தை நெஞ்சில் கிடந்தது. மீதிப் பாதிப் பேருக்கு, பழைய வழக்கப்படி வார்மரும் (சூடு கொடுக்கும் படுக்கை) இன்குபேட்டரும். உடல்நிலை சீரான பிறகு கங்காரு.

முடிவு 2021இல் வெளிவந்தது. முதல் 28 நாட்களில் இறந்த குழந்தைகள் பழைய முறையில் நூற்றுக்கு 15.7, உடனே அம்மாவிடம் கொடுத்த முறையில் நூற்றுக்கு 12. நான்கில் ஒரு பங்கு மரணம் குறைந்திருக்கிறது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், மீதிக் குழந்தைகளைப் பழைய முறையில் வைத்திருப்பது சரியல்ல என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய எண் இன்னொன்று இருக்கிறது. ரத்தத்தில் கிருமி கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டிய நிலை, பழைய முறையில் நூற்றுக்கு 28 குழந்தைகளுக்கு வந்தது. அம்மாவின் நெஞ்சில் இருந்தவர்களில் 23 பேருக்குத்தான் வந்தது. அதாவது தொற்று கூடவில்லை, குறைந்தது. இதை இப்படி விளங்கிக்கொள்ளலாம். பிறந்த குழந்தையின் தோலில் ஏதாவது ஒரு கிருமி குடியேறித்தான் தீரும். அம்மாவிடமிருந்து வருவது வீட்டுக் கிருமி. அதற்கான எதிர்ப்புச் சக்தி அம்மாவின் பாலிலேயே வருகிறது. மருத்துவமனையின் தட்டுகளிலும் குழாய்களிலும் பல கைகளிலும் இருப்பது மருந்துக்கு மசியாத கிருமி. நாங்கள் பயப்படுவது அதற்குத்தான். அம்மாவிடம் இருக்கும்போது குழந்தையை வேறு கைகள் தொடுவது குறைகிறது.

2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலையே மாற்றியது. குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்தபின் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், நாளுக்கு 8 மணியிலிருந்து 24 மணி நேரம் வரை கங்காரு பராமரிப்பு கொடுக்க வேண்டும் என்கிறது. விலக்கு உண்டு. தானாக மூச்சு விட முடியாத குழந்தை, வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை, ரத்த ஓட்டம் குலைந்து அதிர்ச்சி நிலையில் இருக்கும் குழந்தை இவர்களுக்கு உடனே தொடங்குவதில்லை. உகாண்டாவில் உடல்நிலை இன்னும் சீராகாத குழந்தைகளிடம் செய்து 2024இல் வெளியான ஆய்வில், மரணம் குறிப்பிடும்படி குறையவில்லை. அதனால் இதை மந்திரம் போல நினைத்துவிட வேண்டாம். எந்தக் குழந்தைக்கு, எப்போது என்று பக்கத்தில் நின்று பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் மருத்துவர் சொல்லிவிட்டார். சிபாப் தடையே இல்லை.

சரி, எப்படிச் செய்வது? முதல் நாள் நர்ஸ் இல்லாமல் முயல வேண்டாம்.

உங்கள் மனைவி குளித்துவிட்டு, முன்பக்கம் முழுக்கத் திறக்கும் நைட்டியோ சட்டையோ போட்டுக்கொண்டு வரட்டும். நெஞ்சில் பவுடர், சந்தனம், தைலம் எதுவும் வேண்டாம். நகம் வெட்டி, வளையலும் மோதிரமும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தாலியில் கோத்திருக்கும் ஊக்குகளை மறக்காமல் எடுத்துவிடச் சொல்லுங்கள். 1,300 கிராம் குழந்தையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, ஊக்கு உரசினாலே கிழியும். தாலியைக் கழற்ற மனசில்லையென்றால் முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் வார்டில் பாதிப் பேர் அப்படித்தான்.

சாய்வு நாற்காலியில் பாதி சாய்ந்து உட்கார வேண்டும். குழந்தைக்குத் தொப்பி, டயப்பர், சாக்ஸ் மட்டும். நர்ஸ் குழாய்களையும் ஒயர்களையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இரு மார்புக்கும் நடுவே குழந்தையை நிமிர்த்திப் படுக்கவைப்பார். கைகால் தவளை மாதிரி மடங்கியிருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை லேசாக உயர்ந்திருக்க வேண்டும். கழுத்து முன்னால் மடங்கிவிட்டால் மூச்சுப்பாதை அடைபடும். இந்த ஒன்றை மட்டும் உங்கள் மனைவி கண்ணால் பார்த்துப் பழகிக்கொள்ளட்டும். மேலே மெல்லிய பருத்தித் துணியால் ஒரு கட்டு. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து எடுத்தாலே போதும், துவைத்து வெயிலில் காய்ந்ததாக இருக்கட்டும்.

மாற்றும்போது மானிட்டர் அலறும். பயந்துவிடாதீர்கள். போன மாதம் 1,100 கிராம் குழந்தையை முதல் தடவை அம்மாவிடம் கொடுத்தபோது ஆக்சிஜன் எண் 93லிருந்து 86க்கு இறங்கியது. அந்தப் பெண் "வேண்டாம், எடுத்துருங்க" என்று அழுதார். நர்ஸ் அசையவில்லை, சிபாப் குழாயை மட்டும் நேர்செய்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். 88, 91, அப்புறம் 94. அங்கேயே நின்றுவிட்டது. இருபது நிமிடத்தில் குழந்தை தூங்கிப்போனது, அம்மாவுக்கு மார்பில் பால் கசிந்து நைட்டி நனைந்தது. கவனியுங்கள்: இப்படி இடம் மாற்றுவதுதான் குழந்தைக்குச் சிரமம், நெஞ்சில் கிடப்பது அல்ல. அதனால் ஒருமுறை போட்டால் குறைந்தது ஒரு மணி நேரமாவது எடுக்கக் கூடாது. பத்து நிமிடம் கொஞ்சிவிட்டுத் திருப்பி வைப்பது எதற்கும் உதவாது.

குழந்தையின் நிறம் நீலமாகவோ சாம்பலாகவோ மாறினால், மூச்சு நின்றது போலத் தெரிந்தால், உடம்பு தொய்ந்துபோனால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். மானிட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பச்சை உடம்பு என்று உங்கள் அம்மா சொல்வதை நான் ஒதுக்கவில்லை. ஐந்தாம் நாள் சிசேரியன் தையல் வலிக்கத்தான் செய்யும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வயிற்றின் மேல் ஒரு தலையணை வைத்து, முதுகுக்கு முட்டுக்கொடுத்தால் உட்கார முடியும். ஆனால் உங்கள் மனைவிக்கு ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் சில நாட்கள் அது ஏறக்கூடும். மாத்திரையை விடாமல் போட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி வந்தால் குழந்தையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் நாற்காலி காலியாக இருக்க வேண்டியதில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு நீங்கள் உட்காருங்கள். அப்பாவின் நெஞ்சும் அதே சூடு கொடுக்கும். சஃப்தர்ஜங் உள்ளிட்ட அந்த ஆய்விலேயே, அம்மாவால் முடியாத நேரத்தில் அவர் கைகாட்டிய உறவுக்காரப் பெண்கள் குழந்தையைத் தாங்கினார்கள். சளி, காய்ச்சல், தோலில் புண் எதுவும் இல்லையென்றால் உங்கள் அம்மாவையே ஒரு வேளை உட்காரச் சொல்லிப் பாருங்களேன். கடுமையாக எதிர்த்த பாட்டிகள் ஒருமுறை பேத்தியை நெஞ்சில் வாங்கிய பிறகு எழுந்திருக்க மறுத்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பால் விஷயத்தில் நேரம் தவற விடாதீர்கள். குழந்தை இன்னும் சப்பிக் குடிக்கவில்லை என்பதால் மார்பு தானாக ஊறிக்கொண்டிருக்காது. இரவு ஒரு முறையாவது எழுந்து, நாளுக்கு எட்டுத் தடவை பீய்ச்சி எடுக்க வேண்டும். குழந்தையை நெஞ்சில் இருந்து எடுத்தவுடன் பீய்ச்சினால் நன்றாக வரும். சப்பி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒத்திசைவாகச் செய்யும் திறன் ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கூடும். அதுவரை குழாய், அதன்பின் பாலாடை, பிறகு மார்பு. பாலாடை என்பது நம் வீட்டுச் சங்குதான். நம் பாட்டிமார் வைத்திருந்த அந்தப் பாத்திரம் இன்று அதே பெயரில் உலக மருத்துவக் கட்டுரைகளில் இருக்கிறது. பால் போதவில்லையென்றால் தாய்ப்பால் வங்கி உண்டா என்று கேளுங்கள். நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் உண்டு. சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து எதுவும், ஒரு சொட்டுக்கூட வேண்டாம். இந்தக் குடல் அதைத் தாங்காது.

எடை இறங்கியது பற்றி: பிறந்தபோது உடம்பில் இருந்த உபரி நீர் போகிறது. 90 கிராம் இயல்புதான். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும்.

காஃபின், நீங்கள் குடிக்கும் காபியில் இருக்கும் அதே பொருள்தான். குறைமாதக் குழந்தை மூச்சு விட மறந்துபோகும், அதை மூளைக்கு நினைவூட்டுகிறது. எங்களிடம் இருக்கும் மருந்துகளில் நன்றாக ஆராயப்பட்டவற்றில் ஒன்று. 2006இல் வெளியான பெரிய ஆய்வில் நாள்பட்ட நுரையீரல் பாதிப்பைக் குறைத்தது. அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில் பெருமூளை வாதமும் குறைந்திருந்தது.

மருத்துவமனையில் யாராவது "பார்வை நேரம் முடிந்துவிட்டது" என்று உங்கள் மனைவியை எழுப்பினால், பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். பச்சிளம் குழந்தை சிகிச்சையில் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2017இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அம்மா அங்கே பார்வையாளர் அல்ல.

கடைசியாக, பலர் கோட்டைவிடுவது கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் கீழ் பிறந்த குழந்தைக்கு விழித்திரை ரத்தக் குழாய்கள் தவறாக வளரும் ஆபத்து உண்டு. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால்தான் தெரியும். சரியான வாரத்தில் கண்டுபிடித்தால் லேசரோ ஊசியோ பார்வையைக் காப்பாற்றும். தவறவிட்டால் பார்வையே போகலாம். உங்கள் மகளுக்கு முதல் பரிசோதனை பிறந்து 30 நாளுக்குள் நடக்க வேண்டும். இன்று ஐந்தாம் நாள், ஆகவே இன்னும் 25 நாள். அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் சரி, மழையானாலும் சரி, தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்து, அன்றைக்குக் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.